180... ஸ்பீடு இல்லீங்க, இதயத்துடிப்பு!

முதலில் ஒரு சின்ன வேலை. வலது கையின் இரண்டு விரல்களை இடது மணிக்கட்டில், கட்டைவிரலுக்கு நேர் கீழே வையுங்கள். லேசாக அழுத்துங்கள். உள்ளே யாரோ கதவைத் தட்டுவது மாதிரி இருக்கிறதா? 15 செகண்ட் எண்ணி, நாலால் பெருக்குங்கள். 72, 76, 80... ஏதாவது ஒன்று வரும். அதை ஓர் ஓரமாகக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

இப்போ ஒரு கேள்வி. 24 வயசு இளைஞர். தினமும் காலையில் ஓடுகிறவர். டீ, காபி தவிர வேறு பழக்கம் கிடையாது. பைக் மேல் உட்கார்ந்திருக்கிறார். பைக் ஓர் இன்ச் கூட நகரவில்லை. ஆனால், அவருடைய இதயம் நிமிடத்துக்கு 158 தடவை அடிக்கிறது. ஏன்?

இந்தக் கேள்வியைப் பையில் போட்டுக்கொண்டுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலை இருங்காட்டுக்கோட்டைக்கு பஸ் ஏறினேன். மெக்கானிக்கல் மூன்றாம் வருடம் படிக்கிற எனக்கு இன்ஜின் ஆர்.பி.எம். பற்றி ஏதோ கொஞ்சம் தெரியும். இதயத்தின் ஆர்.பி.எம். பற்றித் தெரிந்தது, இன்டர்னல் மார்க் வருகிற அன்றைக்கு எகிறும் என்பது மட்டும்தான்!

சத்தம் வரும் பின்னே... இல்லை, முன்னே!

பூந்தமல்லியில் பஸ் பிடித்தால், பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னாலேயே இருங்காட்டுக்கோட்டை வந்துவிடும். வழியெல்லாம் கன்டெய்னர் லாரிகள். ஷிஃப்ட் பஸ்ஸில் ஜன்னலோரம் தலை சாய்த்துத் தூங்குகிற தொழிலாளர்கள். புதுக் கார்களைப் புத்தகம் மாதிரி அடுக்கிக்கொண்டு போகிற டிரெய்லர்கள். வண்டி செய்கிற ஊருக்குப் பக்கத்திலேயே வண்டி பந்தயம் விடுகிற இடம். பொருத்தம்தான்!

''ரேஸ் கோர்ஸா? அங்க குதிரை எல்லாம் கிடையாதுப்பா'' என்றார் கண்டக்டர். ''பைக் ரேஸ்ணே'' என்றதும் என் ஒல்லி உடம்பை மேலும் கீழும் பார்த்தார். ''நீ ஓட்டப்போறியா?'' பஸ்ஸில் நாலு பேர் திரும்பிச் சிரித்தார்கள். ''இல்லண்ணே... எழுதப்போறேன்!''

இறங்கி நடந்தால், டிராக் கண்ணில் படுவதற்கு முன்னால் காதில் படுகிறது. கோபம் வந்த தேனீக்கூட்டம் மாதிரி ஒரு ரீங்காரம். கிட்டே வரும், தேயும், திரும்ப வரும்.

கொஞ்சம் சரித்திரம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கியது 1953-ல். அந்தக் காலத்தில் ரேஸ் என்றால் சோழவரம்தான். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி வைத்து ஓட்டுவார்கள். உங்கள் தாத்தாவைக் கேட்டால் கண்கள் பளிச்சிடும். பிறகு, கிளப் தனக்கென்று சொந்தமாகக் கட்டிய இருங்காட்டுக்கோட்டை டிராக் 1990-ல் திறக்கப்பட்டது. ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர். மொத்தம் 12 திருப்பங்கள். இப்போது 'மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட்' என்று பெயர். 2011-ல் 125 சி.சி. உலக சாம்பியன்ஷிப்பில் ஓட்டிய முதல் இந்தியரான சென்னைப் பையன் சரத்குமார் பெயரை இங்கே இன்றைக்கும் சொல்லி மகிழ்கிறார்கள்.

பேடாக்கில் ஒரு பொங்கல், ஒரு ரகசியம்

ரைடர்களும் மெக்கானிக்குகளும் முகாம் போட்டிருக்கிற இடத்துக்கு 'பேடாக்' என்று பெயர். ஷாமியானா, பெட்ரோல் வாசனை, ஸ்டாண்டில் தூக்கி நிறுத்திய பைக்குகள், பக்கத்திலேயே பொங்கல் பொட்டலம். இங்கேதான் என் ரூம்மேட்டின் அண்ணனைப் பிடித்தேன். முதலிலேயே ஒரு கண்டிஷன் போட்டார். ''தம்பி, பேர் போடாத. பைக் நம்பர் போடாத. வீட்ல அம்மாகிட்ட 'சர்வீஸ் டிரெய்னிங்'னு சொல்லிட்டு வந்திருக்கேன்!''

ஓ.கே. இவர் நமக்கு 'அண்ணா' மட்டும்தான். வார நாட்களில் ஒரு பைக் சர்வீஸ் சென்டரில் வேலை. சேர்த்து வைக்கிற காசு டயருக்கும் என்ட்ரி ஃபீஸுக்கும் போய்விடும். எல்லோருக்கும் ஒரே மாடல் பைக் கொடுத்து ஓட்டவிடுகிற புதுமுகங்களுக்கான ரேஸில் ஓட்டுகிறார். ஆறு சுற்று. இது இரண்டாவது வருடம்.

இந்தத் தடவை விசேஷம் என்னவென்றால், அப்பாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அம்பத்தூரில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறவர். சத்தம் போடவில்லையாம். ''நானும் வரேன், பார்க்கறேன்'' என்று மட்டும் சொன்னாராம். வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, பாக்கெட்டில் பி.பி. மாத்திரை அட்டை. மகனுடைய பைக்கை ஒரு சுற்று சுற்றி வந்து, ஆயில் போல்ட்டில் கட்டியிருந்த கம்பியைத் தொட்டுப் பார்த்தார். ''இது எதுக்கு?''

''அதிர்வுல போல்ட் கழண்டு ஆயில் ரோட்ல கொட்டினா, பின்னால வர்றவன் வழுக்கிடுவான்ப்பா. அதான் கட்டுறது. இல்லைன்னா ஓட்ட விட மாட்டாங்க.''

''ம்'' என்றார். மறுபடியும் தொட்டுப் பார்த்தார்.

பயோமெடிக்கல் படிக்கிற என் நண்பன் ஒருவன் நெஞ்சில் கட்டுகிற ஹார்ட் ரேட் பெல்ட் ஒன்றைக் கடன் கொடுத்திருந்தான். லெதர் சூட்டுக்கு உள்ளே அண்ணா அதைக் கட்டிக்கொண்டார். காலையில் சும்மா உட்கார்ந்திருந்தபோது 64. பொங்கல் சாப்பிட்ட பிறகு 78. அப்புறம் ஒரு வேடிக்கை. அண்ணா ஒரு பிளாஸ்டிக் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணை மூடினார். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, மனசுக்குள்ளேயே டிராக்கை ஒரு சுற்று ஓட்ட ஆரம்பித்தார். கட்டைவிரல் அசைகிறது, தோள் சாய்கிறது, கால் கியர் மாற்றுகிறது. என் செல்போன் திரையில் 84... 91... 101! கண் மூடி உட்கார்ந்திருக்கிற மனிதருக்கு!

டாக்டர் சொன்ன பிரேக் கதை

மெடிக்கல் சென்டரில் டாக்டர் ஓய்வாக இருந்தார். ''நான் ஓய்வா இருந்தாத்தான் எல்லாருக்கும் நல்லது'' என்று சிரித்தவரிடம் என் கேள்வியைப் போட்டேன்.

''நீ மெக்கானிக்கல்தானே? உன் பாஷையிலேயே சொல்றேன். இதயத்துக்குள்ளயே ஒரு குட்டி ஜெனரேட்டர் இருக்கு. அதைத் தன் போக்குல விட்டா நிமிஷத்துக்கு சுமார் 100 தடவை அடிக்கும். உனக்கு 70 இருக்குன்னா என்ன அர்த்தம்? யாரோ லேசா பிரேக் பிடிச்சிட்டே இருக்காங்க! அந்த பிரேக்குக்குப் பேரு வேகஸ் நரம்பு. மூளைக்கு 'ஆபத்து'ன்னு தோணினதும் முதல்ல நடக்கறது, பிரேக்ல இருந்து கால் எடுக்கறது. அடுத்தது ஆக்ஸிலரேட்டர். ரெண்டு கிட்னிக்கும் மேல தொப்பி மாதிரி ஒரு சுரப்பி இருக்கு. அட்ரினலின் அங்கிருந்து கொட்டும்.''

கொட்டினால் என்ன ஆகும்? இதயம் எகிறும். கல்லீரல், சேர்த்துவைத்த சர்க்கரையை ரத்தத்தில் அவிழ்த்துவிடும். வயிற்றுக்குப் போகிற ரத்தம் தசைகளுக்குத் திருப்பிவிடப்படும். எக்ஸாம் ஹால் வாசலில் வயிற்றைக் கலக்குவதும், நாக்கு ஒட்டிக்கொள்வதும் இதனால்தான். கண்பாவை விரியும். ஆனால், கவனம் சுருங்கும். எதை ஆபத்து என்று நினைக்கிறோமோ அது ஒன்று மட்டும் பளிச்சென்று தெரியும். பக்கத்தில் இருப்பது மங்கிவிடும்.

''அந்தக் கடைசி வரியை அடிக்கோடு போட்டுக்கோ'' என்றார் டாக்டர். போட்டுக்கொண்டேன். எதற்கென்று மதியம் புரிந்தது.

''சும்மா உட்கார்ந்துகிட்டுதானே போறாங்க?''

இந்தச் சந்தேகம் உங்களுக்கும் இருக்கும். எனக்கும் இருந்தது. அண்ணாவிடம் கேட்டேவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. ''அந்த ஸ்டாண்ட்ல இருக்கற பைக் மேல ஏறு'' என்றார். ஏறினேன். ''இடது பக்கம் இறங்கித் தொங்கு. முட்டி தரையைத் தொடணும். வலது தொடையால டேங்கைப் பிடிச்சுக்கோ. கையில வெயிட் போடாத.'' பத்து செகண்ட். தொடை நடுங்கியது. இருபது செகண்டில் இறங்கிவிட்டேன். வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே இந்தக் கதி! ஒரு சுற்றுக்கு 12 திருப்பம் என்றால், ஆறு சுற்றுக்கு 72 தடவை இப்படித் தொங்கி எழ வேண்டும். நேர் ரோட்டில் இருந்து திருப்பத்துக்குள் வரும்போது பிரேக் அழுத்தினால், உடம்பு மொத்தமும் முன்னால் தள்ளும். அதைக் கைகள் தாங்க வேண்டும். அசையாமல் இறுக்கிப் பிடிக்கிற வேலை இதயத்துக்கு ரொம்பக் கஷ்டமான வேலை. இறுகின தசைக்குள் ரத்தம் சுலபமாகப் போகாது. அழுத்தம் ஏறும், துடிப்பு ஏறும். முன்கை கல் மாதிரி வீங்கி, விரல்கள் பிரேக்கை உணராமல் போவதும் உண்டு. இதை 'ஆர்ம் பம்ப்' என்கிறார்கள். மோட்டோஜிபி ரைடர்களே இதற்காக ஆபரேஷன் செய்துகொள்வது வழக்கம்.

இத்தோடு நம்ம ஊர் வெயில். உடம்பு முழுக்க லெதர். வியர்வை வெளியே வந்தாலும் காற்றுப் படாது. உடம்பைக் குளிர்விக்க இதயம் ரத்தத்தைத் தோலுக்கும் அனுப்ப வேண்டும். தசைக்கும் அனுப்ப வேண்டும். ஆக, பயம், உழைப்பு, சூடு என்று மூன்று பேரும் ஒரே இதயத்தின் கதவைத் தட்டுகிறார்கள். பந்தய ரைடர்களின் இதயத்துடிப்பை நிஜ ரேஸிலேயே அளந்த இத்தாலிய ஆய்வு ஒன்று 2008-ல் வெளியானது. ரேஸின் பெரும்பகுதி நேரம் அவர்களுடைய இதயம் தன் உச்சத் துடிப்பில் 90 சதவிகிதத்துக்கு மேலேயே ஓடியதாம். உச்சத்துக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. 220-ல் இருந்து வயதைக் கழிக்க வேண்டும். அண்ணாவுக்கு 196. அதில் 90 சதவிகிதம் என்றால் 176! ஓட்டப் பந்தய வீரர் உயிரைக் கொடுத்து ஓடும்போது வருகிற நம்பர் இது.

பயத்துக்காகக் கட்டின இடம்

மதியம் வரை நேரம் இருந்தது. அனுமதித்த இடங்களில் சுற்றிவந்தேன். கொடிகளோடு நிற்கிற மார்ஷல் ஒருவர் என் வயதுதான். வேறொரு காலேஜ். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்து வெயிலில் நிற்கிறார். ''முதல் பாடம் என்ன தெரியுமா? வண்டி வர்ற திசைக்கு முதுகைக் காட்டக் கூடாது'' என்றார், என்னைப் பார்க்காமலே. அதாவது, பாடத்தை மறக்காமலே!

மஞ்சள் கொடி என்றால் முன்னால் ஆபத்து, முந்தக் கூடாது. சிவப்பு என்றால் ரேஸ் நிறுத்தம். நீலம் என்றால் பின்னால் வேகமான ஆள் வருகிறார். எல்லாம் கலர். எழுத்து கிடையாது. ஏன்? ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 140 கிலோமீட்டர் வேகம் என்றால் செகண்டுக்கு கிட்டத்தட்ட 39 மீட்டர். நிமிடத்துக்கு 180 துடிப்பு என்றால் செகண்டுக்கு மூன்று. ஆக, ஒரு 'லப்-டப்'புக்கு 13 மீட்டர்! உங்கள் இதயம் ஒரு தடவை அடித்து முடிக்கிற நேரத்தில், ஒரு பஸ் நீளத்தைத் தாண்டிப் போயிருப்பீர்கள். அந்த நிலையில் யார் எழுத்துக் கூட்டிப் படிப்பது?

அப்போதுதான் அந்த இடமே வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. திருப்பத்துக்கு முன்னால் தூரத்தை எண்ணிச் சொல்கிற பெரிய போர்டுகள். திருப்பத்துக்கு வெளியே, தப்புப் பண்ணினவருக்காகக் காலியாக விட்ட மண். வேகத்தை விழுங்குகிற சரளைக் கல் படுகை. அதற்கப்பால் டயர் சுவர். இன்ஜின் ஓடியபடி காத்திருக்கிற ஆம்புலன்ஸ். எல்லாமே ஓர் உண்மையை ஒப்புக்கொண்டு கட்டியவை... '180-ல் அடிக்கிற இதயம் உள்ளவன் எல்லாவற்றையும் பார்க்க மாட்டான். அவனுக்காக நாம் பார்க்க வேண்டும்.'

அப்படியும் போதாமல் போகிற நாட்கள் உண்டு. 2023 ஆகஸ்ட்டில், இதே டிராக்கில், தேசிய சாம்பியன்ஷிப் ரேஸில் விழுந்து 13 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்துபோனான். அந்த வார இறுதியின் மீதிப் போட்டிகள் ரத்து செய்யப்பட்டன. பேடாக்கில் இதைப் பற்றி யாரும் தானாகப் பேசுவதில்லை. ஆனால், ஹெல்மெட் வாரை இன்னொருவர் இழுத்துப் பார்க்கும்போது அந்தக் கை கொஞ்சம் கூடுதலாக நிற்கிறது. உலக அளவிலும் 2021-ல் அடுத்தடுத்து இளம் ரைடர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு மோட்டோஜிபி, மோட்டோ 2, மோட்டோ 3 ரேஸ்களில் ஓட்டக் குறைந்தபட்ச வயது 18 என்று 2023 முதல் உயர்த்தினார்கள். கவனம் சுருங்குகிற நேரத்தில் சரியாக முடிவெடுக்க, வயதும் ஒரு தகுதிதானே?

விரல் நுனியில் அப்பா

மதியம் இரண்டு மணி. கேலரியில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ''என்னமோ நாடி எல்லாம் எண்றியாமே... எனக்கும் எண்ணுப்பா'' என்று கையை நீட்டினார். லேத் பட்டறைக் கை. மணிக்கட்டில் பழைய தழும்பு. 15 செகண்டில் 19. ''76 அங்கிள். சூப்பர்!'' என்றேன். ''மாத்திரை போட்டிருக்கேன்ல?'' என்றார் பெருமையாக.

வார்ம் அப் சுற்று முடிந்து வண்டிகள் கிரிட்டில் வந்து நின்றன. அண்ணா மூன்றாவது வரிசை. எல்லா இன்ஜினும் ஒன்றாக உறுமியது. சிவப்பு விளக்கு. அது அணைந்தால் ஸ்டார்ட். நான் இன்னும் அப்பாவின் கையை விடவில்லை. எண்ணினேன். 15 செகண்டில் 30. அதாவது 120. சும்மா கல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற மனிதருக்கு!

விளக்கு அணைந்தது.

முதல் சுற்று முடிந்து எங்களைத் தாண்டும்போது அண்ணா ஏழாவது. இரண்டாவது சுற்றில் ஐந்தாவது! ''அது நம்ம பையன்தானே?'' என்று அப்பா எழுந்தேவிட்டார். ''ஆமா அங்கிள்!'' பக்கத்தில் இருந்தவர்களிடம் எல்லாம், ''என் பையன்... அந்த நீல ஹெல்மெட்டு'' என்றார். ரகசியம் காற்றில் பறந்தது!

மூன்றாவது சுற்று. முதல் நாலு பேர் வந்தார்கள். போனார்கள். ஐந்தாவது வந்தது சிவப்பு ஹெல்மெட். ஆறாவது வெள்ளை. ஏழு. எட்டு. நீலம் வரவில்லை.

தூரத்தில், எங்களுக்குத் தெரியாத ஒரு திருப்பத்துப் பக்கம், மஞ்சள் கொடி ஆடியது. ரேஸ் நிற்கவில்லை. மற்ற வண்டிகள் அதே ரீங்காரத்தோடு சுற்றிக்கொண்டிருந்தன. அப்பா ஒரு வார்த்தையும் பேசவில்லை. இப்போது நான் அவர் கையைப் பிடித்திருக்கவில்லை. அவர் என் கையைப் பிடித்திருந்தார். எண்ண வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எண்ணியிருந்தாலும் அது யாருடைய நாடி என்று தெரிந்திருக்காது.

எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. வண்டிகள் இன்னொரு சுற்று முடித்திருக்காது. அதனால் இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. ஒலிபெருக்கியில் அறிவிப்பாளரின் குரல் வந்தது. விழுந்த ரைடர் எழுந்து நிற்கிறார், நடக்கிறார்.

அப்பா உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

கிராஃபில் இல்லாத விழுதல்

மெடிக்கல் சென்டரில் அண்ணாவைப் பார்த்தோம். லெதரில் ஒரு பக்கம் முழுக்க வெள்ளையாகத் தேய்ந்திருந்தது. இடது கை சுண்டுவிரலில் வீக்கம். அவ்வளவுதான். ''நாலாவது ஆளைப் பிடிக்கணும்னு அவன் பின் டயரையே பார்த்துட்டு வந்தேன். போர்டைப் பார்க்கவே இல்லை. பிரேக் பிடிச்சுக்கிட்டே ரொம்ப உள்ள போயிட்டேன். முன் டயர் போயிடுச்சு.'' நான் டாக்டரைப் பார்த்தேன். அடிக்கோடு போடச் சொன்ன வரி! டாக்டர் ஒன்றும் சொல்லாமல் விரலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். சரளைக் கல் அண்ணாவைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. அந்த என் வயது மார்ஷல் ஓடிவந்து கை கொடுத்திருக்கிறார். அண்ணா பார்க்காததை எல்லாம் அந்த இடம் பார்த்திருக்கிறது.

பெல்ட்டில் பதிவானதை செல்போனில் இறக்கிப் பார்த்தோம். வார்ம் அப் சுற்றில் 149. கிரிட்டில் நின்றபோது 158. இதுதான் நான் முதலில் கேட்ட கேள்வி. ஸ்டார்ட் ஆனதும் 171. இரண்டாவது சுற்றில் இருந்து 178-க்கும் 184-க்கும் நடுவிலேயே ஒரு மேடு. விழுந்த இடம் எங்கே என்று தேடினேன். கண்டுபிடிக்கவே முடியவில்லை. விழுந்த விநாடிக்கென்று தனியாக ஓர் எகிறல் இல்லை! இதயம் ஏற்கெனவே கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதற்கு மேல் போக இடம் இல்லை.

''பயமே இருக்காதாண்ணா?'' என்றேன்.

''பயம் இருக்கு தம்பி. ஆனா, அதுக்கு அங்க வேலை இருக்கு. பிரேக் பிடிக்கணும், சாயணும், கியர் போடணும்... பயம் எல்லாம் அதுல செலவாயிடும். நின்னுட்டு இருக்கும்போதுதான் கஷ்டம். அப்ப மூச்சை மெதுவா, நீளமா விடுவேன். அவ்ளோதான்.''

திரும்பிப் பார்த்தேன். அப்பா வாசல் பெஞ்சில் டீ கிளாஸோடு உட்கார்ந்திருந்தார். விபத்து முடிந்து இருபது நிமிடம் ஆகியிருக்கும். இப்போதுதான் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அட்ரினலின் சில நிமிடங்களில் வடிந்துவிடும். ஆனால் கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் மெதுவாக ஏறும். அதிர்ச்சி நடந்து இருபது, முப்பது நிமிடம் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும் என்றார் டாக்டர். மகனுக்கு வந்த அதே புயல்தான் அப்பாவுக்கும் வந்திருக்கிறது. ஆனால், அவர் கையில் ஹேண்டில்பார் இல்லை. பிரேக் இல்லை. அந்தப் பயத்தை எங்கே செலவு பண்ணுவார்? டாக்டர் அவருக்கு பி.பி. பார்த்தார். ஒரு மணி நேரம் எங்கேயும் போகாமல் உட்காரச் சொன்னார்.

அப்புறம் பைக் வந்தது. அப்பா எழுந்து போய் ஒரு சுற்று சுற்றினார். காலையில் தொட்ட அதே கம்பியைத் தொட்டுப் பார்த்தார். போல்ட் அப்படியே இருந்தது. வளைந்துபோன ஃபுட்ரெஸ்ட்டைக் கழற்றி வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

''அடுத்த ரேஸுக்கு வருவீங்களா அங்கிள்?''

''வர மாட்டேன்'' என்றார் பட்டென்று. கொஞ்சம் கழித்து, ''வீட்டுல உட்கார்ந்திருந்தா மட்டும் அடிக்காமயா இருக்கும்?'' என்றார். மகன் பக்கம் திரும்பினார். ''டேய், உங்க அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீயே போன் போட்டுச் சொல்லு. இப்பவே.''

அண்ணா செல்போனைக் காதில் வைத்தபோது அந்தக் கையைக் கவனித்தேன். பெல்ட்டைக் கழற்றாமல் விட்டிருக்கலாம். அன்றைய ரெக்கார்டு அந்த போன் காலில்தான் இருந்திருக்கும்!

திரும்பி வருகிற வழியில்...

மாலை பஸ்ஸில் ஜன்னலோரம் நான். நெடுஞ்சாலையில் இரண்டு பைக்குகள் லாரிகளுக்கு நடுவே புகுந்து புகுந்து போட்டி போட்டுக்கொண்டு போயின. நம்ம செட்தான், இருபதைத் தாண்டாத முகங்கள். ஒரு ஹெல்மெட் இருந்தது. முழங்கையில் மாட்டியிருந்தது!

அவர்கள் இதயமும் அப்போது 150, 160 அடித்திருக்கும். அண்ணாவுக்கு வந்த அதே அட்ரினலின், அதே கிக், அதே சுருங்கின கவனம். முன்னால் போகிறவனின் பின் டயர் மட்டும்தான் தெரிந்திருக்கும். ஆனால், அவர்களுக்காக அங்கே போர்டு இல்லை. சரளை இல்லை. மஞ்சள் கொடியோடு ஒருத்தர் வெயிலில் நிற்கவில்லை. எதிரே வருகிற பால் வண்டிக்காரருக்குத் தான் ஒரு ரேஸில் இருப்பதே தெரியாது. வீட்டில் ஓர் அப்பா சீரியல் பார்த்துக்கொண்டிருப்பார். இதயம் 76-ல் நிம்மதியாக அடித்துக்கொண்டிருக்கும். போன் வரும் வரை.

வேகம் பிடிக்கும் என்றால் தப்பே இல்லை. இருங்காட்டுக்கோட்டை இருக்கிறது. கோவை செட்டிபாளையத்தில் 2.1 கிலோமீட்டர் நீளத்துக்கு கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. கற்றுக்கொடுக்க ஆள் இருக்கிறார்கள். ரேஸ் நடக்கிற தேதி பார்த்து, தொப்பி, தண்ணீர் பாட்டில், காதுக்குப் பஞ்சு மூன்றும் எடுத்துக்கொண்டு சும்மா பார்க்கவாவது போய் வாருங்கள்.

சரி... மறுபடியும் மணிக்கட்டில் விரல் வையுங்கள். இந்தத் தடவை மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக, நீளமாக விடுங்கள். இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் வேகமாகும். விடும்போது தளரும். தெரிகிறதா? அதுதான் டாக்டர் சொன்ன பிரேக். எல்லோருக்கும் கம்பெனி ஃபிட்டிங்காகவே வந்திருக்கிறது. பைக் சாவியைக் கையில் எடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள் பாஸ்!